கல்லில் இல்லாத நான்காவது பெயர்

அத்தியாயம் ஒன்பது

“பேனா?” என்றார் மிஸ் ட்ரெகியர்.

“வெளியில வெச்சுட்டேன்.”

“கோட்டு, பை?”

“அதுவும் வெளியிலதான்.”

“வாய்ல என்ன?”

சூயிங்கத்தை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். ரெட் லெட்ஜ் வட்டார ஆவணக் காப்பகத்துக்குள் நுழைய இவ்வளவு பாடு. எங்கள் ஊர் ஜெயிலுக்குள் நான் இதைவிடச் சுலபமாகப் போயிருக்கிறேன். வேலை விஷயமாகத்தான்.

என் பெயர் ஆல்டோ மரியானி. துப்பறியும் செல்மா ஹார்யுவின் உதவியாளன். அதாவது கார் ஓட்டுவேன், வாசலில் பனி தள்ளுவேன், யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வேன். பாஸ் அதிகம் பேச மாட்டார். அவர் ஃபின்லாந்து வம்சம். வார்த்தையை எடுக்கவே மனசு வராது. மிச்சம் விழுவதை நான் பேசித் தீர்க்கிறேன்.

“கை கழுவினீங்களா?” என்றார் மிஸ் ட்ரெகியர்.

“காலையில குளிச்சேன் மேடம்.”

“அதை நான் கேக்கல.”

போய்க் கழுவிவிட்டு வந்தேன். மிஸ் ட்ரெகியருக்கு அறுபத்து மூன்று வயது, காதில் ஒரு பென்சில், முகத்தில் சிரிப்பு இல்லை. முப்பது வருடமாக இந்தக் காப்பகமே அவர்தான்.

படிப்பறையின் நீள மேஜையில் எங்கள் கட்சிக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இர்மா கோர்பெலா, வயது அறுபத்தேழு. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்றேகால். ஐந்து மணிக்குள் அவருக்கு ஒரு தாள் வேண்டும்.

1932 பிப்ரவரியில் மூன்றாம் எண் செம்புச் சுரங்கத்தின் அடியில் நான்கு பேர் இரும்புத் தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முழுசாக ஏறுவதற்குள், மேலிருந்து அடிவரை தொங்கும் மணிக்கயிறு ஒரு தடவை இழுபட்டது. ஒரு மணி என்றால் தூக்கு என்று அர்த்தம். மேலே தொட்டியை இழுக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுபவர் தூக்கிவிட்டார். நான்கு பேரும் செத்தார்கள். கீழே மணி அடிக்கும் பொறுப்பு நான்கு பேரில் ஒருவரான யால்மரி கோர்பெலாவுடையது. அவசரப்பட்டு அடித்துவிட்டார், மூன்று பேரைக் கொன்றுவிட்டார் என்று விசாரணை முடிவு சொன்னது. இர்மா அம்மா அவருடைய மகள்.

அந்த மூவருக்கும் இப்போது ஊர் நடுவில் நினைவுக்கல் வைக்கிறார்கள். எழுத்து வெட்டுபவர் நாளைக் காலை வருகிறார். ஹென்றி போல்கின், மாடே ப்ரிமோராக், ஜூலியோ மரியானி. மூன்றே பெயர். “நாலாவது பேரு வேணும்னா, கோர்பெலா மேல தப்பு இல்லன்னு எழுத்துல காட்டுங்க. அஞ்சு மணிவரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்” என்று கமிட்டித் தலைவர் நெட் போல்கின் சொல்லிவிட்டார். செத்த போல்கினின் பேரன் அவர்.

ஆமாம், மூன்றாவது பெயர் எங்கள் வீட்டுப் பெயர்தான். ஜூலியோ என் தாத்தாவின் தம்பி. எங்கள் வீட்டில் யாராவது தட்டைக் கீழே போட்டு உடைத்தால் “கோர்பெலா!” என்று திட்டுவோம். அறுபது வருடமாக அது வசவு. இதை இர்மா அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

“மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்கம்மா,” என்றார் பாஸ்.

“சொன்னதேதான். வின்னிக்கு மார்ச்சுல கடுதாசி போட்டேன், விசாரணைத் தாளெல்லாம் பாக்கணும்னு.” வின்னி என்றால் மிஸ் ட்ரெகியர். இரண்டு பேருக்கும் பல வருடப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு இர்மா அம்மா ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து கொடுப்பார். “மே மாசம் வந்து பார்த்தேன். இருபத்திரண்டு பக்கத்துல பத்தொன்பதாம் பக்கத்தைக் காணோம்.”

“அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“ஆறு வயசு. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்துக் கெடந்தேன்னு அம்மா சொல்வா.”

“அப்பாவுக்காக அம்மா ஏதாவது பேசினாங்களா?”

இர்மா அம்மாவின் உதடு இறுகியது. “ஒரு வார்த்தை பேசல. அந்த மூணு பொம்பளைங்களும் எதிர்த்தாப்புல வந்தா எங்களைப் பார்த்துட்டு ரோட்டைத் தாண்டிப் போயிடுவாங்க. அம்மா தலையைக் குனிஞ்சுக்குவா. ஸ்கூல்ல என்னைக் கொலகாரன் பொண்ணுன்னு கூப்பிட்டாங்க. வந்து சொன்னா, ‘சாப்பிடு’ம்பா. புருஷனுக்காக வாய் திறக்காதவ என்ன பொம்பளை? அந்தக் கோவத்துல கடைசிப் பத்து வருஷம் அவ வாசப்படிய நான் மிதிக்கல. சாவுக்குத்தான் போனேன்.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று பாஸுக்குத்தான் தெரியும்.

பத்தொன்பதாம் பக்கத்தை ஒரு சிகாகோக்காரன் திருடியிருக்க வேண்டும் என்று மிஸ் ட்ரெகியர் சொல்லியிருந்தார். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. பழைய காகித வியாபாரி. மூன்று நாள் அலைந்து நேற்றுதான் அவனைப் பிடித்தோம். அவனுக்கு வேண்டியது பழைய உறைகளும் தபால் தலைகளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவன் படிப்பதே இல்லை. பாஸ் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. ஊர் எல்லை வந்ததும், “பெட்டியைத் திருப்பிப் பாக்கணும்” என்றார்.

மிஸ் ட்ரெகியர் பெட்டி 31-ஐக் கொண்டுவந்து மேஜையில் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினார். ஆறாவது கோப்பு. பாஸ் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எழுத்தைப் படிக்கவில்லை. தாள்களின் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டே போனார்.

“ஆல்டோ, இங்க பாரு. என்ன தெரியுது?”

“துருப்பிடிச்ச குண்டூசி. தொட்டா ஊசி போட்டுக்கணும்.”

“எத்தனை?”

எண்ணினேன். நான்கு நான்கு தாளாகச் சேர்த்துக் குத்தியிருந்தது. ஒன்று முதல் நான்குவரை ஒரு ஊசி. ஐந்து முதல் எட்டுவரை ஒன்று. எல்லாவற்றிலும் துரு, தாளில் தவிட்டு நிறத்தில் கறை. பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோது ஊசி இல்லை. ஊசி இருந்த ஓட்டை மட்டும் சின்னதாக இருந்தது. பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் பளிச்சென்று ஒரு புது வெள்ளைத் தாள். அதன்மேல் இளஞ்சிவப்பில் ஒரு சீட்டு. ‘ஒரு தாள் எடுக்கப்பட்டது’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. ‘எங்கே வைக்கப்பட்டது’ என்ற இடம் காலி.

“அந்தச் சீட்டை நான்தான் வெச்சேன்,” என்றார் மிஸ் ட்ரெகியர், கவுன்டரில் இருந்தபடியே. “காணாமப் போனது தெரிஞ்சதும். எந்தத் தாள் இடம் மாறினாலும் சீட்டு வெக்கணும். அது எங்க பழக்கம்.”

பாஸ் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ ஒரு தாளைத் திருடறதா இருந்தா எப்படி எடுப்ப?”

“பர்ருனு.”

“குண்டூசி?”

“அது எங்க போனா எனக்கென்ன?”

“இந்தத் திருடனுக்கு அது முக்கியமா இருந்திருக்கு. அடியில மெல்லிசா எதையோ குடுத்து, தாள் கிழியாம நெம்பி எடுத்திருக்கான். ஓட்டைகூட பெரிசாகல. அப்புறம் மிச்சத் தாளுக்குக் கறை இறங்கக் கூடாதுன்னு நடுவுல வெள்ளைத் தாள் வெச்சிருக்கான்.”

“ரொம்ப நல்லா வளர்த்த பிள்ளை பாஸ். போறப்ப நாற்காலியையும் உள்ள தள்ளிட்டுப் போயிருப்பான்.”

பாஸ் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “இது எடுக்கிற கை இல்ல ஆல்டோ. வைத்தியம் பாக்கிற கை” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு கைதான் உண்டு. உடனே பதினாறாம் பக்கத்தைத் திருப்பினேன். வின்ச் ஓட்டியவரின் சாட்சி அங்கே தொடங்கியது. பெயரைப் பார்த்ததும் நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்துவிட்டேன். தாமஸ் ட்ரெகியர்.

“வின்ச் ஓட்டினது உங்கப்பாவா?” கவுன்டருக்கே போய் நின்று கேட்டேன்.

மிஸ் ட்ரெகியரின் முகம் வெளுத்தது. “ஆமா.”

“தூங்கிட்டாரா? குடிச்சிருந்தாரா? அப்பா மானத்தைக் காப்பாத்தறதுக்கு இன்னொருத்தர் அப்பா மேல பழி கிடக்கட்டும்னு விட்டுட்டீங்க! அந்தம்மா உங்களுக்கு வருஷா வருஷம் ரொட்டி சுட்டுக் குடுக்கறாங்க!”

“ஆல்டோ,” என்றார் பாஸ்.

“தாளைக் கொளுத்தியாச்சா, இல்ல ஏரியில போட்டாச்சா?”

“ஆல்டோ, உக்காரு. ஊசிக் கறைக்கே கவலைப்படறவங்க தாளைக் கொளுத்த மாட்டாங்க. வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. அது இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு.” பாஸ் மெதுவாக எழுந்து கவுன்டருக்கு வந்தார். “மிஸ் ட்ரெகியர், பொதுமக்களுக்குக் காட்டாம மூடி வெச்சிருக்கிற பெட்டிங்க இருக்கில்ல?”

“இருக்கு.”

“அதோட பட்டியல் வேணும்.”

மிஸ் ட்ரெகியர் அசையவில்லை. அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போயிருப்போம். சிகாகோக்காரன் தலையில் ஒரு திருட்டை ஏற்றிவைக்க முடிந்தவரால் இந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. இந்தக் காப்பகக்காரர்களுக்கு அதுதான் மதம். ஒரு தாளை உனக்குக் காட்ட மாட்டேன் என்பார்கள். ஆனால் அந்தத் தாளே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது.

பச்சை அட்டை போட்ட நோட்டை எடுத்து வைத்தார். பாஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மிஸ் ட்ரெகியரின் அழகான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘பெட்டி 31, கோப்பு 6: ஒரு தாள். காரணம்: குழந்தை. 2007 வரை திறக்கக் கூடாது.’ தேதி ஏப்ரல் 5, 1993. இர்மா அம்மா கடிதம் போட்ட அடுத்த மாதம்.

“இங்க ஒரு தாளை மூடறதுக்கு ரெண்டே காரணம்தான் எழுத முடியும்,” என்றார் பாஸ் என்னிடம். “வியாதி, இல்லன்னா குழந்தை. குழந்தைன்னா எழுபத்தஞ்சு வருஷம். அப்பாவோட மானம்னு ஒரு காரணம் கிடையாது. இவங்க அவங்கப்பாவைக் காப்பாத்தல.” பிறகு மிஸ் ட்ரெகியரின் பக்கம் திரும்பினார். “யாரு அந்தக் குழந்தை?”

மிஸ் ட்ரெகியர் நீள மேஜையின் பக்கம் பார்க்காமலிருக்கத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வந்த பதிலைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமானால் கொடுத்திருப்பேன்.

உள்ளறைக்குப் போனோம். கதவைச் சாத்திவிட்டு, சாம்பல் நிறப் பெட்டி ஒன்றிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். பாஸின் தோளுக்குமேல் எட்டிப் படித்தேன்.

‘சுரங்க வாயில் ஆள்: கோர்பெலாவின் சின்ன மகள் அப்பாவுக்குச் சாப்பாட்டு வாளி கொண்டுவந்தாள். வாங்கி வைக்கத் திரும்பினேன். வாயிலில் தொங்கும் மணிக்கயிற்றை அவள் இழுத்துவிட்டாள். ஒரு தடவை.

விசாரணை அதிகாரி: பெயர்?

வாயில் ஆள்: இர்மா.

கோர்பெலாவின் மனைவி, மொழிபெயர்ப்பாளர் வழியாக: என் புருஷன் அடித்தான் என்று எழுதுங்கள். அவன் செத்துவிட்டான், அவனுக்கு இனி வலிக்காது. இவள் இந்த ஊரில் வாழ வேண்டும்.

விசாரணை அதிகாரி: எழுதுவதை நிறுத்து.’

கிளார்க் அந்த வரியையும் எழுதியிருந்தான்.

“அம்மாக்காரி ஒரு வார்த்தை பேசலன்னு சொன்னாங்களே,” என்றேன்.

“எங்கப்பாவும் பேசல,” என்றார் மிஸ் ட்ரெகியர். “விசாரணை நடந்த ரூம்ல இருந்த எல்லாரும் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க. அப்பா அதுக்கப்புறம் வின்ச்சைத் தொடல. சாப்பிட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு எழுந்து வெளியில போயிடுவாரு. ஏன்னு யாருக்கும் தெரியாது. ஏப்ரல்ல, இர்மாவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பெட்டியைச் சரிபார்த்தேன். அப்பதான் தெரிஞ்சுது. இதை எப்படி அவ கையில குடுப்பேன்? முப்பது வருஷத்துல இந்த ஒரு தாளைத்தான் மறைச்சேன். அதையும் ஒழுங்கா மறைக்கத் தெரியல.”

இவரைப் பார்த்துத்தான் நான் அப்படிக் கத்தினேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“மூடிடலாம் பாஸ்,” என்றேன். “நெட் கிட்ட நான் பேசறேன். கையக் கால புடிச்சாவது…”

“நெட்டுக்குத் தாள் வேணும்.”

“அப்போ பேரு வெட்டலன்னா போகட்டும்! கல்லுதானே? இதைப் படிச்சுட்டு அந்தம்மா எப்படித் தூங்குவாங்க?”

“மூடின தாளா இருந்தாலும், சம்பந்தப்பட்டவங்களே வந்து கேட்டா காட்டணும். இவங்க விதிதான்.” பாஸ் தாளை மிஸ் ட்ரெகியரிடம் திருப்பிக் கொடுத்தார். “இது அவங்களோட தாள் ஆல்டோ. வேணுமா வேண்டாமான்னு நாம யாரு சொல்றதுக்கு?”

மணி நான்கு பத்து. வெளியே வந்தோம். பாஸ் இர்மா அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தாளைக் காட்டவில்லை.

“தாள் கிடைச்சிடுச்சும்மா. உங்கப்பா மணி அடிக்கலன்னு அதுல இருக்கு. அவர் பேரு கல்லுல வரும்.”

இர்மா அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆனா அதுல இன்னொண்ணும் இருக்கு. உங்களுக்குத் தாங்க முடியாத விஷயம். வேண்டாம்னு சொன்னா தாள் பெட்டிக்குப் போயிடும். நாங்க மூணு பேரும் வெளியில சொல்ல மாட்டோம். ஆனா பேரும் வராது. நீங்கதான் சொல்லணும்.”

“எங்கப்பா அடிக்கல, இல்ல?”

“அடிக்கல.”

“கொண்டா வின்னி.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மெதுவாகப் படிப்பவர் போலிருக்கிறது. விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே போய் அதே வரிகளில் மறுபடியும் இறங்கியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போகவும் முடியவில்லை.

“ஒரே ஒரு தடவைதான் இழுத்தேனா?” என்று கேட்டார்.

“ஒரு தடவைதாம்மா,” என்றேன்.

“எதுக்கு இழுத்தேன்?”

ஆறு வயதுக் குழந்தை கயிற்றைக் கண்டால் இழுக்கும். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

“காய்ச்சல்னு சொன்னா. ஒவ்வொரு தடவையும் அதேதான் சொல்வா. காய்ச்சல், நீ வீட்டுல இருந்தே.” தாளில் அம்மாவின் வார்த்தைகள் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். மிஸ் ட்ரெகியர் தடுக்கவில்லை. “பத்து வருஷம் போகாம இருந்தேனே. ஒரு தடவை கதவைத் தட்டினேன், சண்டை போடறதுக்கு. உள்ள வா, குளிரா இருக்குன்னா. நான் போகல.” அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். மிஸ் ட்ரெகியர் அவருக்குப் பின்னால் வந்து நின்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

இர்மா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, நீ மரியானி வீட்டுப் பிள்ளைதானே? ஜூலியோ உனக்கு என்ன வேணும்?”

“எங்க தாத்தாவோட தம்பி.”

“கல்யாணம் ஆயிருந்துதா?”

“இல்லம்மா. இருபத்திரண்டு வயசு.”

“கயித்தை இழுத்தது நான்தான், தம்பி.”

அவருக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு ஆறு வயசும்மா,” என்றேன். “எங்க வீட்டுல தட்டு உடைஞ்சா உங்கப்பா பேரைச் சொல்லித்தான் திட்டுவோம். நானும் திட்டியிருக்கேன். போன வாரம்கூட.”

“தெரியும். மூணு வீட்டுலயும் அப்படித்தான்.” என் தலையில் ஒரு தட்டு தட்டினார். “இனிமே திட்டாத.”

மணி நாலரை. மிஸ் ட்ரெகியர் தாளை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் போனார். கண்ணாடியின் மேல் அதை வைக்கும் முன் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையைக் கத்தரித்து, இர்மா என்ற பெயரின் மேல் பொருத்தினார். குழந்தையின் பெயரை மறைத்துவிட்டு நகல் கொடுக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறதாம். கோர்பெலாவின் மகள் என்று இருந்த இடத்துக்கும் இன்னொரு பட்டை கத்தரித்தார். ஏதோ ஒரு குழந்தை என்று மட்டும் தெரிந்தால் போதும், அப்பா அடிக்கவில்லை என்பது ருசுவாகிவிடும்.

“என்ன பண்ற வின்னி?”

“உன் பேரை மறைக்கறேன்.”

இர்மா அம்மா எழுந்து மெஷின்வரை நடந்து போனார்.

“எடு அதை.”

“இர்மா, ஊருக்கே தெரிஞ்சு போயிடும். நெட் படிப்பான், ப்ரிமோராக் வீட்டுல படிப்பாங்க. நீ கடைக்குப் போகணும், வரணும்…”

“எங்கம்மா நாப்பது வருஷம் கடைக்குப் போய் வந்தா.” பட்டையைத் தன் விரலாலேயே தள்ளிவிட்டார். “யாரோ ஒரு குழந்தைன்னா யாரும் நம்ப மாட்டாங்க. யாருன்னு கேப்பாங்க. பதில் இல்லன்னா திரும்பவும் அப்பா தலையிலதான் கட்டுவாங்க. எம் பேரு இருக்கட்டும்.”

மிஸ் ட்ரெகியர் பாஸைப் பார்த்தார். இன்னொரு பட்டையையும் மிஸ் ட்ரெகியர் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

“குடுங்கம்மா, நான் ஓடிப் போய் நெட் கையில குடுத்துடறேன்,” என்றேன். “அஞ்சுக்குள்ள போயிடுவேன்.”

“நான் குடுக்கறேன்,” என்றார் இர்மா அம்மா. நகல் சூடு ஆறாமல் இருந்தது. அதை மடிக்காமல் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். பனி விழ ஆரம்பித்திருந்தது. காரில் ஏறச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். நெட் போல்கினின் ஆபீஸ் மூன்று தெரு தள்ளி. மிஸ் ட்ரெகியர் முப்பது வருடத்தில் முதல் தடவையாக நேரத்துக்கு முன்னால் காப்பகத்தைப் பூட்டினார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். இர்மா அம்மா முன்னால் நடந்தார்.